கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டாச்சு. இனி எர்கோனாமிக் அசெஸ்மென்ட் எதற்கு?

கேட்டவர் ஜவுளிக்கடை நடத்துகிறவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்ற சட்டத்துக்காக ஸ்டூல் வாங்கிப் போட்டாராம். யாரும் உட்காருவதில்லையாம். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் செய்கிற அசெஸ்மென்ட் நமக்கு எதற்கு என்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். வேலை செய்கிற இடமும் விதமும் ஆளின் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் எர்கோனாமிக் அசெஸ்மென்ட். அதற்காக ஐ.டி. கம்பெனிக்கும் போவேன், கடைக்கும் போவேன். என்னைக் கேட்டால் கடைக்குத்தான் இது அதிகம் தேவை. கம்பெனியில் மானிட்டரைக் கண் உயரத்துக்கு ஏற்றி, நாற்காலியைச் சரிசெய்து, நடுவில் எழுந்து நடக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கடையில் அப்படி இல்லை. 'யாரும் உட்காருவதில்லை' என்றீர்களே, அது ஏன் என்று பார்ப்பதற்குத்தான் அசெஸ்மென்ட்.

முதலில் உங்கள் கவுண்ட்டரை அளந்து பாருங்கள். நின்று விற்பதற்காகச் செய்த கவுண்ட்டர் பெரும்பாலும் மூன்றடி இருக்கும். வாங்கிப் போட்ட ஸ்டூல் ஒன்றரை அடி. அதில் உட்கார்ந்தால் எதிரே நிற்கிறவருக்குத் தலை மட்டும்தான் தெரியும். கவுண்ட்டருக்கு அடியில் கண்ணாடி அலமாரி வேறு, முட்டியை நுழைக்க வழியில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, இடுப்பை முறுக்கிக்கொண்டு சுடிதார் செட்டைப் பிரித்துக் காட்டுவதற்கு நிற்பதே மேல் என்று விற்கிற பெண் எழுந்துவிடுவாள். கடைசியில் ஸ்டூல் மேல் மடிக்காத துணி குவிந்திருக்கும். இல்லையென்றால் மேல் ரேக்கில் பெட்டி எடுக்க அதன்மேல் ஏறி நிற்பார்கள், அது இன்னும் ஆபத்து. மூன்றடி கவுண்ட்டருக்கு இரண்டு அல்லது இரண்டேகால் அடி உயர ஸ்டூல் வேண்டும், கால் வைக்கக் குறுக்குக் கம்பியோடு. அலமாரியின் ஒரு பகுதியையாவது எடுத்துவிட்டு முட்டிக்கு இடம் விட வேண்டும்.

சொன்னால் சிரிப்பீர்கள், பழைய பட்டுக்கடைகளில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. மெத்தை விரித்து, விற்கிறவரும் வாங்குகிறவரும் உட்கார்ந்துதான் புடவை பார்த்தார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு அதிலும் கஷ்டம் உண்டு, அது வேறு கதை.

இன்னொரு காரணம் ஸ்டூலில் இல்லை, சூப்பர்வைசரிடம் இருக்கிறது. ஆள் உட்கார்ந்த உடனே "என்னம்மா, வேலை இல்லையா?" என்று ஒரு குரல் வந்தால், அப்புறம் எந்த ஸ்டூலும் வீண்தான். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும் வேலையைச் செய்வதில்லை. ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் கணுக்கால் வீங்கும், நாளாவட்டத்தில் காலில் ரத்த நாளம் புடைத்துச் சுருண்டுகொள்ளும் ('நரம்பு சுருட்டல்' என்பார்களே, அதுதான்), காலையில் முதல் அடி வைக்கும்போதே குதிகால் வலிக்கும். டாய்லெட்டுக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காத பெண்கள் நிறையப் பேர். சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது. இதெல்லாம் நாற்காலியை அளந்தால் தெரியாது, ஆட்களிடம் தனியாகப் பேசினால்தான் தெரியும். அதனால்தான் நாங்கள் உடம்புப் படம் ஒன்றைக் கொடுத்து, கடந்த ஏழு நாளில் எங்கே வலித்தது, கடந்த ஒரு வருஷத்தில் எங்கே வலித்தது என்று குறிக்கச் சொல்கிறோம். பெயர் எழுத வேண்டாம் என்றால் உள்ளது உள்ளபடி குறிப்பார்கள். குடோனில் பண்டல் தூக்குகிறவர்களை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். குனிந்து, திரும்பித் தூக்குவதை, உடம்பு முழுவதும் எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கிடும் 'ரீபா' என்ற முறையில் மதிப்பெண் போட்டுப் பார்ப்போம், 11 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே மாற்றியாக வேண்டும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நின்று வேலை செய்கிறவருக்கு உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கு 1948 சட்டத்திலேயே இருந்தது. கடைகளுக்குக் கேரளத்தில் 2018-இல்தான் வந்தது, அதுவும் கோழிக்கோட்டில் பெண் தொழிலாளர்களைத் திரட்டிய விஜி போன்ற பெண்கள் பல வருஷம் போராடிய பிறகு. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் 1947-ஆம் வருஷக் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். இருக்கை 'போட வேண்டும்' என்பதோடு அது நிற்கவில்லை. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஒன்றரை அடி ஸ்டூல் அதில் தேறுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

யாரையாவது கூப்பிடுவதென்றால் செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிடாதீர்கள். கடை காலியாக இருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் வரச் சொல்லுங்கள். சூப்பர்வைசருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.