முதலில் கை உயரட்டும்

கேள்வி: என் மதினிக்கு 46 வயது. இடது மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்து, அடுத்த மாதம் ரேடியேஷன். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஊரில் யோகா சொல்லித்தருபவர், கபாலபாதியும் (மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) சிரசாசனமும் செய்தால் நோயே போய்விடும் என்கிறார். செய்யலாமா? பீடி சுற்றலாமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: யோகாவால் புற்றுநோய் போகாது. போகும் என்பவரிடம் வேறு ஆசனமும் கற்க வேண்டாம். அசதி, தூக்கமின்மை, மனக்கலக்கம் இவற்றுக்குத்தான் அது உதவும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்த 200 பெண்களில் ஒரு பிரிவினர் வாரம் 2 முறை, 90 நிமிடம், 12 வாரம் யோகா செய்தார்கள். வகுப்பு முடிந்து 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, செய்யாதவர்களைவிட அவர்களுக்கு அசதி குறைவாக இருந்தது.

மதினிக்கு இப்போது அவசரம் கைதான். ரேடியேஷன் மேசையில் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுக்க வேண்டும். அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, புண் நன்றாக ஆறியிருந்தால் தொடங்கலாம். பாயில் மல்லாந்து முழங்காலை மடக்குங்கள். இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, மூச்சை இழுத்தபடி தலைக்கு மேல் கொண்டுபோங்கள். தூக்குவது வலது கை, இடது கை கூடவே போகும். இழுவை தெரிந்ததும் நிறுத்தி 5 மூச்சு இருந்துவிட்டு இறக்குங்கள். ஒரு வேளைக்கு 5 தடவை, காலையும் மாலையும். காலையில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது. பலர் இடுப்பை வளைத்தோ தோளைக் காதருகே தூக்கியோ கை உயர்ந்துவிட்டதாக நினைப்பார்கள். தோள்மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அக்குளிலிருந்து முழங்கை வரை சுண்டிய நூல் போலத் தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம், முறுக்கி இழுக்கவும் வேண்டாம். பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

மூச்சுக்கு: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது 10 சுற்று. அடக்கக் கூடாது. வண்டுபோல ரீங்கரித்து மூச்சு விடும் பிராமரி 5 சுற்று போதும். கீமோவால் ரத்தம் குறைந்த உடம்பில் கபாலபாதி தலைசுற்றலைக் கொண்டுவரும். சிரசாசனத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் பாரம் ஏறும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் முறுக்கும் ஆசனங்களும் ஆழக் குனிவதும் கூடாது.

இடது கை வளையல் திடீரென்று இறுக்கினால் அது கையில் நிணநீர் தேங்கி வீங்குவதன் தொடக்கமாக இருக்கலாம். அன்றே கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருந்தால் தோள் முன்னால் விழுந்து தழும்பும் சேர்ந்து இறுகும். கூலி நிற்கும் என்பது புரிகிறது. ஆனாலும் ரேடியேஷன் முடிந்து தோல் ஆறும்வரை விட்டுவிடச் சொல்லுங்கள். பிறகு தட்டைக் குட்டை முக்காலியில் வைத்து, அரை மணிக்கொருமுறை எழுந்து தோளைப் பின்னுக்குச் சுழற்றலாம்.

கேள்வி: கீமோ நடக்கும்போதே யோகா வகுப்புக்குப் போகலாமா?
– வாசகி, அம்பை

பதில்: ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பொதுவாக மிகவும் குறையும். அந்த வாரம் கூட்டம் வேண்டாம், வீட்டிலேயே மூச்சுப் பயிற்சி போதும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்காமல், இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.