பழைய காருக்கும் ரீகால் உண்டா?

கேள்வி: பழைய கார் விற்பனையாளரிடம் வாங்கிய காரில் தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறேன். இதே மாடலுக்கு எரிபொருள் பம்ப் கோளாறுக்காக ரீகால் அறிவித்திருப்பதாக உடன் வேலை செய்பவர் சொன்னார். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. சேவை மையத்தைத் தொலைபேசியில் கேட்டால், "உத்தரவாதம் முடிந்துவிட்டது, நீங்கள் எங்களிடம் சர்வீஸ் செய்ததும் இல்லை" என்கிறார்கள்.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, தொலைபேசியை எடுத்தவர் உத்தரவாதத்தையும் ரீகாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். உத்தரவாதம், வாங்கிய தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் பொறுத்தது. ரீகால் என்பது, தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறையைச் சரிசெய்ய நிறுவனமே காரைத் திரும்ப அழைப்பது. காரின் சேசிஸ் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கார் கை மாறியிருந்தாலும், வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்திருந்தாலும், பாகமும் கூலியும் இலவசம் என்பதே நிறுவனங்களின் நடைமுறை.

கடிதம் வராததில் வியப்பில்லை. அது பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போகும். அவர் அதைக் குப்பையில் போட்டிருப்பார். கெரானில் (கார் பதிவுச் சான்றிதழில்) உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணை எடுத்து, நிறுவனத்தின் மலேசிய இணையத்தளத்தில் ரீகால் பகுதியில் போட்டுப் பாருங்கள். உங்கள் எண் இருந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, சேவை மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். பாகம் எப்போது வரும், எந்த நாளில் காரைக் கொண்டுவரலாம் என்று கேளுங்கள். கிளை மழுப்பினால் தலைமையகத்துக்கு எழுதுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டென்சோ தயாரித்த எரிபொருள் பம்புகளுக்காக 2020 தொடங்கி டொயோட்டா, ஹோண்டா உட்படப் பல நிறுவனங்கள் உலகெங்கும் பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் பம்பின் பிளாஸ்டிக் சுழலி எரிபொருளை உறிஞ்சி உப்பிவிடும். பிறகு உறையில் உரசிச் சுற்ற முடியாமல் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடக்கூடும். எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங்கும் இறுகக்கூடும். பின்னால் லாரி வரும்போது பாலத்தின் நடுவே அப்படி நேர்ந்தால் ஒதுங்கக்கூட நேரம் இருக்காது. கிளப்பும்போது எஞ்சின் இழுத்தடித்தாலோ, மிதித்தும் வேகம் எடுக்காமல் தடுமாறினாலோ, பாகம் வரும்வரை பாலத்தில் காரை ஓட்ட வேண்டாம். பஸ்ஸோ ஃபெரியோ இருக்கவே இருக்கிறது. மாற்றுக் கார் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், கேட்டால்தானே கிடைக்கும்.

வேலை முடிந்ததும், 'ரீகால் பணி' என்று குறிப்பிட்ட வேலைச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் காரை விற்கும்போது வாங்குபவர் இதைத்தான் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

கேள்வி: ரீகால் வருமுன்பே செந்தூலில் ஒரு பட்டறையில் 680 ரிங்கிட் கொடுத்து பம்பை மாற்றிவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: கேளுங்கள்; கிடைத்தே தீரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ரசீதும் அதில் தேதியும் பாகத்தின் பெயரும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். பழைய பம்பைப் பட்டறைக்காரர் வீசாமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது. நிறுவனம் மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

இன்னொன்று. பட்டறை போட்ட பம்பும் குறையுள்ள அதே தொகுப்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். புதிதுதானே என்று விட்டுவிடாமல், ரீகாலுக்கும் காரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வேன் வைத்திருக்கிறேன். உள்ளூர் இணையத்தளம் என் எண்ணையே ஏற்கவில்லை.
- வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஏற்காது. ஜப்பான் சந்தைக்கென்று செய்த வண்டிகளில் 17 இலக்க எண் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்து, நடுவில் கோடு போட்ட குறுகிய எண்தான் இருக்கும். அதை ஜப்பானிய நிறுவனத்தின் ரீகால் பக்கத்தில் தேடுங்கள். உள்ளூர் விநியோகிப்பாளர் தாம் விற்காத வண்டி என்று கைவிரிக்கலாம். அப்போது, உங்களுக்கு வண்டியை விற்ற இறக்குமதியாளரிடமே எழுத்தில் கேட்க வேண்டியிருக்கும்.