மரத்தடியில் கிடக்கும் மருந்து: வாசகர் கேள்வி-பதில்

வெண்டைச் செடியில் பூச்சி இருக்கிறது. இயற்கை முறையில் என்ன அடிக்கலாம்?
(மதுராந்தகம் வாசகர்)

எந்தப் பூச்சி? அசுவினியா, தத்துப்பூச்சியா, காய்ப்புழுவா? செடிக்கு வயது என்ன? இந்த முறை வந்த கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கிறது. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, ஊசி போடுங்கள்" என்று சொல்வதைப் போல. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், கண்டதை இரண்டு வரி எழுதுங்கள், பதில் சொல்கிறேன். காய்ப்புழுவாக இருந்தால் ஓட்டை விழுந்த காயையெல்லாம் பறித்து அழிப்பதுதான் முதல் வேலை. காய்க்குள் போய்விட்ட புழுவை எந்தச் சாறும் தொடாது.

வேப்பிலையை நன்றாகக் கொதிக்க வைத்து, வடிகட்டி, நிலக்கடலையில் காலை 10 மணிக்கு அடித்தேன். ஒரு புரொடீனியா புழுகூட (இலை தின்னும் வெட்டுப்புழு) சாகவில்லை. கடையில் வேம்பு மருந்து வாங்கிவிடலாமா?
(திண்டிவனம் வாசகர்)

மூன்று தவறு. இலையை எடுத்தது, கொதிக்க வைத்தது, வெயிலில் அடித்தது. வேம்பில் புழுவைத் தடுக்கும் அசாடிராக்டின் அதிகம் இருப்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பில். சூடும் வெயிலும் அதைச் சிதைத்துவிடும். பல முறை எழுதிவிட்டேன், இன்னும் ஒரு முறை எழுதுகிறேன்: மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள்.

100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு. மாவாக அரைக்க வேண்டாம், நொய்யாக இடித்தால் போதும். துணியில் தளர்வாகக் கட்டி 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். மறுநாள் மூட்டையைப் பிழியப் பிழியப் பால் மாதிரி வெள்ளையாக இறங்கும். வெள்ளை நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை முக்கி முக்கிப் பிழியுங்கள். வடிகட்டி 100 லிட்டராக்கி, லிட்டருக்கு 10 மில்லி காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே அடித்துவிடுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும்.

அப்புறம், புழு சாகவில்லை என்கிறீர்கள். வேம்பு தொட்டதும் கொல்லும் விஷம் இல்லை. புழு தின்பதை நிறுத்தும், தோல் உரிக்க முடியாமல் சில நாளில் ஒடுங்கும். அதுவும் சின்னப் புழுவில்தான் நன்றாக வேலை செய்யும். விரல் நீளம் வளர்ந்த புழுவைக் கையால் பொறுக்குங்கள். வரப்போரம் ஆமணக்கு விதைத்தால் தாய் அந்துப்பூச்சி அதில்தான் முட்டைக் குவியலை வைக்கும். இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம்.

கடை மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கேட்டாலே எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆனி, ஆடியில் நம் ஊர்ச் சாலையோரம் நடந்து பாருங்கள். வேப்பம்பழம் மஞ்சளாக உதிர்ந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கி, ஈ மொய்த்துக் கிடக்கும். நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ பழம் கொடுக்கும். அதைப் பொறுக்க ஆள் இல்லை. கார்த்திகையில் புழு வந்ததும் அதே வேம்பைப் புட்டியில் வாங்க ஓடுகிறோம். 1960-களின் தொடக்கத்தில் டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடவில்லை என்று பார்த்துச் சொன்னார்கள். வேப்பெண்ணெய்க்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை எதிர்த்து நம்மவர்கள் வழக்காடி, 2000-இல் அது ரத்தாகி, 2005-இல் மேல்முறையீட்டிலும் நமக்குச் சாதகமாகவே முடிந்தது. இத்தனை பாடுபட்டுக் காத்த பொருள் நம் வாசலில் அழுகுகிறது.

பழத்தைப் பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் நன்றாகக் காய வைத்து, சாக்குப் பையில் கட்டி வையுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், பூசணம் பிடிக்கும். 3 மாதத்திலிருந்து 8 மாதம் வரை நல்ல வீரியம் இருக்கும். போன வருஷத்துக் கொட்டை என்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் புட்டியில் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 300, 1500, 10000 என்று இருக்கும், அளவு அதற்குத் தக்கபடி மாறும். "மூலிகை மருந்து" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒரு கடையில் நானே அப்படி ஒன்று வாங்கி அடித்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் புழு சுருண்டு விழுந்தது, கூடவே பொறிவண்டும் செத்துக் கிடந்தது. அவ்வளவு வேகமாகக் கொன்றால் அது வேம்பு இல்லை, உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது.

பஞ்சகவ்யா அடித்தால் பூச்சி போகுமா?

போகாது. அது வளர்ச்சி ஊக்கி.

புகையிலையை ஊற வைத்துத் தக்காளிக்கு அடிக்கலாமா? அதுவும் செடிதானே?
(மாடித்தோட்டக்காரர், சென்னை)

அரளியும் செடிதான். புகையிலைச் சாற்றில் இருக்கும் நிகோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். நிகோட்டின் சல்பேட்டைப் பூச்சிக்கொல்லியாக நம் நாட்டில் பயன்படுத்த 1992-இலேயே தடை வந்துவிட்டது. போதாததற்குப் புகையிலையிலிருந்து தேமல் நச்சுயிரி தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். மாடியில், குழந்தைகள் பறித்துத் தின்னும் செடியில், இது வேண்டவே வேண்டாம்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது.
(திருச்சி வாசகி)

அம்மா, தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், இயற்கை எதிரிகளை அண்ட விடாது. முதலில் எறும்புப் பாதையைத் தடுங்கள். பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அலசுங்கள், நிறைய அப்பிய கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலில் குழைத்து, மாலையில்.

ஒன்று கவனியுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைவிடப் பெரியதாக, வெள்ளை நூல் நூலாகத் தொங்கவிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக ஓடும் ஒன்று தெரிந்தால் அதை நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. 2008 வாக்கில் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் நாசமாக்கியது. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு குளவிதான் அதை அடக்கியது.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ. கீற்றெல்லாம் கறுப்பு. எதை அடிப்பது?
(உடுமலை வாசகர்)

எதையும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த ஈ இது. என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இதைப் பின்தொடர்ந்து கட்டுப்படுத்துகிறது. ரசாயனம் தெளித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். ஏக்கருக்கு 8 அல்லது 10 மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். கீற்றின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கறுப்பு என்பது கரும்பூசணம். லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை தெளித்தால் காய்ந்து செதில் செதிலாக உதிரும்.

காண்டாமிருக வண்டுக்கு?

எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள். வண்டு அங்கேதான் பிறக்கிறது. 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் தோப்பில் வைத்தால் வண்டு வந்து விழும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் போடுங்கள்.

விதைக்கு வைத்த உளுந்தில் வண்டு விழாமல் இருக்க?

நன்றாகக் காய வையுங்கள், பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து கட்டுங்கள். வண்டு விழுந்த பிறகு இதையெல்லாம் கேட்டால் சல்லடைதான் பதில்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமா?
(தேனி வாசகர்)

மரம் முழுக்கக் கரைசல் அடிக்க உங்களால் முடியாது. பகலில் தண்டைச் சுற்றிப் பாருங்கள், நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பளி போர்த்தியதுபோல் அப்பிக் கிடக்கும். இரவில்தான் இலைக்கு ஏறும். நீளக் கழியில் துணிப்பந்தம் கட்டி, கூட்டமாக இருக்கும்போதே பொசுக்கிவிடுங்கள். தண்டு வேகும்படி நிறுத்தி வைக்காதீர்கள், தீ தடவிக்கொண்டே போக வேண்டும். கூரை, வைக்கோல் பக்கத்தில் இருந்தால் பந்தம் வேண்டாம், கெட்டியான சோப்புக் கரைசலைப் பீய்ச்சுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.