மருத்துவர் பதில்: அப்பாவின் கை நடுக்கமும் உங்கள் ரிப்போர்ட்டும்

கேள்வி: அக்கா மகனுக்கு ஃபிரஜைல் எக்ஸ் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரை நோய்) என்று போன மாதம்தான் தெரியவந்தது. நான் 9 வாரக் கர்ப்பிணி. என் ரத்த ரிப்போர்ட்டில் ‘பி.சி.ஆர்., 30 சி.ஜி.ஜி., ஒரே முகடு, நார்மல்’ என்று இருக்கிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. என்.ஐ.பி.டி.யும் எடுத்துவிடலாமா? மூத்த மகளுக்குக் காது நீளம். காபி குடித்தால் எனக்குக் கை நடுங்குகிறது. அப்பாவுக்கும் 63 வயதிலிருந்து கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம். இணையத்தில் படித்துவிட்டு ஃபோலிக் அமிலம் 5 மி.கி. மாத்திரை தினம் மூன்று சாப்பிடுகிறேன். (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: மகளின் காதையும் உங்கள் காபியையும் விடுங்கள், சகோதரி. காதைப் பார்த்து இந்த நோயைச் சொல்ல முடியாது. என்.ஐ.பி.டி. என்பது தாயின் ரத்தத்தை வைத்துக் கருவின் குரோமோசோம்களை, முக்கியமாக 13, 18, 21ஆம் குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை, இதற்கு உதவாது. ஃபோலேட் குறைந்த ஊடகத்தில் செல்களை வளர்த்தால்தான் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் முறிவு தெரியும் என்பது 1970களில் கண்ட ஆய்வக நுட்பம். அதை வைத்து ஃபோலிக் அமிலம் இதைக் குணப்படுத்தும் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். குணப்படுத்தாது, தடுக்கவும் தடுக்காது. உங்கள் டாக்டர் எழுதிய அளவு போதும். நீங்களாகக் கூட்டியதை இன்றே நிறுத்துங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் என்னை நிறுத்தியது: அப்பாவின் நடுக்கம். ஃபிரஜைல் எக்ஸுக்குக் காரணமான, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து 55 முதல் 200 முறை வரை திரும்ப வந்தால் அது முன்பிறழ்வு. 200ஐத் தாண்டினால் முழுப் பிறழ்வு. உங்கள் அக்கா மகனுக்கு இருப்பது அதுதான். முன்பிறழ்வு உள்ள ஆண்கள் சிலருக்கு 50 வயதுக்கு மேல் கை நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். பல இடங்களில் அதைப் பார்கின்சன் என்றே நினைத்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு இது இருந்தால், அவருடைய ஒரே எக்ஸ் மகள்கள் எல்லோருக்கும் போயிருக்கும். அக்காவுக்கு மட்டும் போய் உங்களுக்குப் போகாமல் இருக்காது. அம்மா வழியாக வந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி.

இப்போது ரிப்போர்ட்டை மறுபடி பாருங்கள். பி.சி.ஆர். என்பது மரபணுவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் சோதனை. ஒவ்வொரு நீளமும் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரியும். உங்களுக்கு இரண்டு எக்ஸ். இரண்டு முகடு வர வேண்டும். ஒன்றுதான் வந்திருக்கிறது. இரண்டிலும் 30 இருந்தால் ஒரே முகடுதான் தெரியும். நிறையப் பெண்களுக்கு அப்படித்தான். ஆனால் ஒரு எக்ஸில் உள்ள மரபணுவின் நீண்ட பிரதி பெருகாமல் போயிருந்தாலும் இதே படம்தான் வரும். சி, ஜி எழுத்துகள் நிறைந்த டி.என்.ஏ. இழைகள் எளிதில் பிரிவதில்லை. அதோடு சாதாரண பி.சி.ஆரில் குட்டைப் பிரதி முந்திக்கொண்டு பெருகிவிடும், நீண்டது பின்தங்கி மறைந்துவிடும். இதை ‘நார்மல்’ என்று எழுதி அனுப்புவது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. ‘ஒரே முகடு, மேல் பரிசோதனை தேவை’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது டிரிப்லெட் பிரைம்டு பி.சி.ஆர். இதில் ஒரு பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கி வைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வெளியே நிற்கும்; இன்னொன்று திரும்பத் திரும்ப வரும் பகுதியில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டும். அதனால் மூன்று எழுத்து இடைவெளியில் முகடுகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக எழும். இரண்டு எக்ஸிலும் 30 என்றால் ஏணி 30இல் நின்றுவிடும். நீண்ட பிரதி ஒளிந்திருந்தால் ஏணி 55ஐயும் தாண்டி ஓடும். ஏணியில் சில படிகள் சரிந்து காணப்படும் இடங்கள் சி.ஜி.ஜி. வரிசைக்கு நடுவே வரும் ஏ.ஜி.ஜி. இடையீடுகள், அவை இருந்தால் பிரதி அடுத்த தலைமுறையில் நீளும் ஆபத்து குறைவு. அந்த எண்ணிக்கையையும் கேளுங்கள். சதர்ன் பிளாட் என்ற இன்னொரு சோதனை மெத்திலேற்றத்தை, அதாவது மரபணுவை அணைத்து வைக்கும் வேதி மாற்றத்தைப் பார்க்க நல்லது, ஆனால் மைக்ரோகிராம் கணக்கில் டி.என்.ஏ. வேண்டும், நாளும் பிடிக்கும். முதல் படி அதுவல்ல.

காலம்தான் இங்கே நெருக்குகிறது. குழந்தையைச் சோதிக்க நஞ்சுக்கொடித் திசுவை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கலாம், பனிக்குட நீரை 15 வாரத்துக்குப் பிறகு. நஞ்சுக்கொடித் திசுவில் மெத்திலேற்றம் இன்னும் முடிந்திருக்காது. அதில் நீளத்தை மட்டும் நம்பலாம். எந்த மாதிரி எடுத்தாலும் உங்கள் ரத்தமும் கூடப் போக வேண்டும், உங்கள் செல்கள் கலந்திருக்கிறதா என்று பார்க்க. இதெல்லாம் ஏணி 55ஐத் தாண்டினால் மட்டும். நின்றுவிட்டால் குழந்தைக்கு எதுவும் எடுக்கத் தேவையில்லை.

இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கி மரபியல் மருத்துவரைப் பாருங்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் மரபியல் துறை இருக்கிறது. படிவத்தில் கர்ப்ப வாரத்தைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரத்தம் வரிசையில் காத்துக் கிடக்கும். ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் 3 மி.லி. போதும். பச்சை மூடிக் குழாய் வேண்டாம், அதிலுள்ள ஹெப்பாரின் பி.சி.ஆரைக் கெடுக்கும். கூரியரில் போனால் குளிர்ச்சியாக வையுங்கள், உறைய வைக்காதீர்கள்.

அப்பாவின் ரத்தமும் அன்றே போகட்டும். அவருக்கு ஒரே எக்ஸ். மறைக்க இன்னொரு பிரதி கிடையாது. அவருடைய மாத்திரைகளை ரிப்போர்ட் வருமுன் யாரும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அக்கா மகனின் ரிப்போர்ட் நகலையும் இணையுங்கள். உங்கள் குடும்பத்தில் எதைத் தேடுகிறோம் என்று ஆய்வகத்துக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.