வங்கி நெருக்கடிகளுக்குப் பிறகு ரிசர்வ் வங்கிக்குக் கூடுதல் அதிகாரமும் சுதந்திரமும் தேவையா?

"இருக்கிற கட்டுப்பாடு போதாதா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பணம் இதுவரை எந்த வங்கியிலும் முடங்கியதில்லை என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு முடங்கியது. 2012-இல் மும்பை செம்பூரில் இருந்தோம். அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் நான்கு லட்சத்தைப் பக்கத்துத் தெருக் கூட்டுறவு வங்கியில் எஃப்டி போட்டிருந்தார். ஒரு சதவீதம் வட்டி கூடுதல், மேனேஜரும் தெரிந்தவர். ஒருநாள் காலையில் ஷட்டரில் மராத்தியில் நோட்டீஸ்: ஒரு கணக்குக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம், ஆறு மாதத்துக்கு. அந்த ஆறு மாதம் நீண்டுகொண்டே போனது. அப்பா திங்கட்கிழமைதோறும் போய் நிற்பார். ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டினார்கள். கடைசியில் லைசென்ஸ் ரத்தாகி, வைப்புத்தொகைக்கான காப்பீட்டில் ஒரு லட்சம் கிடைத்தது. 1993-லிருந்து அப்போது வரை உச்சவரம்பே அவ்வளவுதான். மீதி மூன்று லட்சம் வரவே இல்லை.

பேராசைப்பட்டுப் போட்டதுதானே என்று யாராவது எழுதுவார்கள். லைசென்ஸ் உள்ள வங்கியில் பணம் போடுவது பேராசை ஆகாது.

கூட்டுறவு வங்கிக்கு லைசென்ஸ் தருவது ரிசர்வ் வங்கி. நிர்வாகக் குழுவைக் கலைக்க வேண்டுமென்றால் அப்போது மாநில அரசின் கூட்டுறவுப் பதிவாளர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் குழுக்களில் உள்ளூர் அரசியல்வாதிகள் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். 2019 செப்டம்பரில் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடங்கியபோது, அதன் கடனில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதன் பிறகுதான், 2020-இல், குழுவைக் கலைக்கும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்கே தரும்படி சட்டத்தைத் திருத்தினார்கள்.

அரசு வங்கிகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளியானதும், 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் காந்திநகரில் பேசும்போது, அரசு வங்கி இயக்குநர்களை நீக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். வங்கியின் முதலாளியான அரசே அதைக் கண்காணிப்பதிலும் கை வைத்தால் உண்மை எப்படி வெளியே வரும்?

ரிசர்வ் வங்கியும் கோட்டை விட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யெஸ் வங்கியை 2020 மார்ச் 5 அன்று முடக்கி, 18-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். ஸ்டேட் வங்கி பணம் போட்டதால் முடிந்தது என்பீர்கள், சரி. ஆனாலும் முடிவெடுக்க வேண்டியது யார் என்பதில் அங்கே குழப்பம் இல்லை. பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவர்களுக்கோ, அதை வேறொரு வங்கியோடு இணைக்கும் திட்டம் வரவே 2022 ஜனவரி ஆனது.

  

இப்போது காப்பீடு 5 லட்சம். அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரே இடத்தில் வைத்திருந்தால் பிரித்துப் போடுங்கள்.