முக்காலி ஆடாது: பழைய பாணி ஸ்லொட் கார் கட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

பலகையில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் சிறிய மின்சாரக் கார்களைக் கடையில் வாங்காமல் தாமே கட்டிப் பார்ப்பவர்கள் கொழும்பில் அதிகம் இல்லை. இருக்கிற சிலருக்கும் 1950களிலும் 1960களிலும் ஓடிய, சக்கரங்கள் உடலுக்கு வெளியே திறந்து நிற்கும் கிராண்ட் பிரி கார்களின் மேல்தான் கண். அவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதன்முதலாக ஒரு கார் கட்டப்போகிறேன். பந்தய வீரர் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் 25ஐ 1:32 அளவில் செய்ய ஆசை. முடியுமா? (வெள்ளவத்தை)

முடியும், ஆனால் முதல் காராக அதை எடுக்க வேண்டாம். 1962இல் வந்த லோட்டஸ் 25, ஓட்டுநர் ஏறக்குறைய மல்லாந்து படுத்தபடி ஓட்டும் அளவுக்கு ஒடுங்கிய கார். அதை முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் உடலின் அகலம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றருக்குள் வந்துவிடும். மோட்டாரும் கியரும் ஓட்டுநரும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். சக்கரங்களை மூடிய காரில் கோணல்மாணலான வேலையை உடலுக்குள் ஒளித்துவிடலாம். திறந்த சக்கரக் காரில் அச்சும் அதைத் தாங்கும் கம்பியும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

ஆகவே முன்பக்கம் எஞ்சின் வைத்த 1950களின் கார் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தயாரிப்பாளருக்கான உலகப் பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்ட 1958இல் அதை வென்ற வான்வால் நல்ல தெரிவு. பிராங்க் கொஸ்டின் வடிவமைத்த அதன் உடல் உயரமானது, பின்புறம் பருத்தது. மோட்டாரை நீளவாக்கில் வைத்தாலும் வெளியே தெரியாது. பந்தய வீரர் ஃபான்ஜியோ 1957இல் தமது ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்ற மசெராட்டி 250எஃப் அதைவிட ஒல்லியானது என்றாலும், அதன் மூக்கு நீளமாக இருப்பதால் பள்ளத்தில் இறங்கும் கைட்டை முன் அச்சுக்கு முன்னால் வைக்க இடம் கிடைக்கும்.

எந்தக் காரானாலும் முதல் வேலை கணக்கு. மசெராட்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 2,280 மில்லிமீற்றர்; 32ஆல் வகுத்தால் 71 மில்லிமீற்றரும் சொச்சமும் வரும். அந்த அளவில் பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் தாளில் வரைந்து, கையில் உள்ள மோட்டாரை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே மோட்டார் தெரிந்தால் மாற்ற வேண்டியது மோட்டாரைத்தான். உடலைக் கொஞ்சம் அகட்டிவிடலாம் என்ற எண்ணம் வரும், அதற்கு இடங்கொடுக்காதீர்கள். ஓட்டுநர் பொம்மையை இடுப்போடு வெட்ட வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அலுமாரியில் நிற்கும் கார்களில் காலுள்ள ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை.

உடைந்த விளையாட்டுக் காரில் இருந்து கழற்றிய மோட்டாரைப் பயன்படுத்தலாமா? (கொட்டாஞ்சேனை)

அளவில் பொருந்தும், வோல்ற்றில் பொருந்தாது. விளையாட்டுப் பொருட்களில் பெரும்பாலும் இருப்பது 130 எனப்படும் வகை. தட்டையான பக்கத்தோடு அளந்தால் குறுக்களவு 20க்கு 15 மில்லிமீற்றர் வரும். அது ஒன்றரை முதல் மூன்று வோல்ற்றுக்கெனச் சுற்றப்பட்டது. ஸ்லொட் பாதையில் ஓடுவது வழக்கமாக 12 வோல்ற்று நேரோட்டம். அதில் அந்த மோட்டார் சில சுற்றுகள் வெறிபிடித்ததுபோல் ஓடிவிட்டு, உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்கள் கருகி நின்றுவிடும். அதே அளவிலேயே 12 வோல்ற்றுக்குச் சுற்றிய மோட்டார்கள் கிடைக்கின்றன. ஒல்லியான கார்களுக்கு 050 வகையை நாடுங்கள். அதன் அகலம் 15.5, உயரம் 12 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடுவதானால் மோட்டாரின் பருமனைக் காட்டி வாங்காமல் வோல்ற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கியரைப் பொறுத்தவரை, மோட்டாரில் 9 பல் பினியனும் (சிறு பற்சக்கரம்) அச்சில் 27 பல் கிரவுண் கியரும் (பக்கவாட்டில் பல் உள்ள பெரிய சக்கரம்) சேர்ந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் தொடக்கத்துக்குப் போதும். கட்டி முடித்த கார் பின்னோக்கி ஓடினால் பதற வேண்டாம், மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள்.

அடிச்சட்டத்தைப் பற்றவைக்கும்போது பித்தளையில் ஈயம் நன்றாகப் பிடிக்கிறது. பியானோக் கம்பியில் உருண்டையாகத் திரண்டு விழுந்துவிடுகிறது. பிடித்த இடங்களும் சில நாட்களில் துருப்பிடிக்கின்றன. (தெஹிவளை)

கேள்வியிலேயே இரண்டு தவறுகள் தெரிகின்றன. இரண்டையும் நானும் செய்திருக்கிறேன்.

பியானோக் கம்பி என்பது வளைத்தாலும் நிமிர்ந்துவிடும் உருக்கு. அதன் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். வெளிக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலமும் இருக்கும். இலத்திரனியல் வேலைக்கு விற்கும், மரப்பிசினால் ஆன மென்மையான ஃபிளக்ஸ் (ஈயம் பிடிப்பதற்காக உலோகத்தின் படலத்தை நீக்கும் பொருள்) பித்தளைக்குப் போதுமானது. உருக்கின் படலத்தை அது அசைக்காது. கம்பியை அரத்தாளால் வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, நாகக் குளோரைட்டுக் கொண்ட அமில ஃபிளக்ஸை ஒரு துளி தொட்டு வையுங்கள். பிறகு ஈயத்தைச் சோல்டரிங் அயனின் நுனியில் உருக்கிக்கொண்டு வந்து பூசாமல், இணைப்பையே சூடாக்கி ஈயத்தை மறுபக்கத்திலிருந்து கொடுங்கள். 60க்கு 40 ஈயம் (வெள்ளீயம் 60 பங்கு, காரீயம் 40 பங்கு) 190 பாகை செல்சியசுக்குள் முழுதும் உருகிவிடும். இணைப்பு அந்தச் சூட்டை எட்டிய கணத்தில் ஈயம் தண்ணீர்போல் கம்பியைச் சுற்றி ஓடி, கறுத்த கோடு ஒன்று பளிச்சென்று வெள்ளியாக மாறும். அதைக் கண்ணால் பார்க்காமல் அயனை எடுக்காதீர்கள். மெல்லிய நுனியுள்ள 25 வாட் அயன் பித்தளைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். அகன்ற நுனியுள்ள 60 வாட் அயன் இரண்டு விநாடியில் வேலையை முடித்துவிடும்.

துருவுக்குக் காரணம் அந்த அமிலமேதான். பல ஆண்டுகளுக்கு முன்னர், காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருந்த அறையொன்றில், இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு லோட்டஸ் 18இன் அடிச்சட்டத்தை முடித்துவிட்டு, கழுவுவதை விடியற்காலைக்குத் தள்ளிவைத்தேன். காலையில் பார்த்தபோது ஒவ்வொரு கம்பி மூட்டிலும் குங்குமம் வைத்ததுபோல் சிவந்திருந்தது. உப்புக் காற்று மிச்சத்தைச் செய்துவிட்டது. அன்றிலிருந்து பற்றவைத்த கையோடு வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்த பிறகே படுக்கப் போகிறேன்.

ஈயம் மிகுந்துவிட்டால் செதுக்கி எடுக்க, செட்டியார் தெருப் பக்கம் பொற்கொல்லர்களுக்கு விற்கும் சின்ன அரங்களைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை.

நேராக ஓடும்போதே என் காரின் பின்புறம் குதிக்கிறது. வளைவில் சொல்லவே வேண்டாம். மோட்டாரின் வேகத்தைக் குறைக்க வேண்டுமா? (பம்பலப்பிட்டி)

மோட்டாரைத் தொடாதீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதே கேள்விதான். பதிலும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: ஏதோ ஒன்று வட்டமாக இல்லை, அல்லது நேராக இல்லை.

பின் அச்சைக் கழற்றிக் கண்ணாடித் துண்டொன்றின் மேல் உருட்டிப் பாருங்கள். அச்சுக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் மினுங்கி மறைந்தால் அச்சு வளைந்திருக்கிறது; நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றுங்கள். அச்சு நேராக இருந்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது ரயர். வார்ப்பு அச்சில் ஊற்றி வரும் ரயர் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை. ரயரை றிம்மில் ஒட்டி, ஒரு நாள் விட்டு, காரை மீண்டும் பூட்டி, தட்டையான மரத்துண்டில் சுற்றிய 240 இலக்க அரத்தாளை ஈரப்படுத்தி, மோட்டாரை ஐந்தாறு வோல்ற்றில் ஓடவிட்டபடி பின் சக்கரங்களை அதன்மேல் மெதுவாகத் தாழ்த்துங்கள். முதலில் ரயர் அங்கங்கே மட்டும் மங்கும், அதுதான் மேடு. முழுச் சுற்றும் ஒரே மங்கலாகும்வரை பொறுமையாகத் தேய்த்து, 400 இலக்கத்தாளில் முடியுங்கள். இறப்பரும் யூரிதேனும் இதற்கு இணங்கும். சிலிக்கோன் இணங்காது, ஆகவே அதை வாங்கும்போதே நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி முன்பக்கம். நான்கு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும், முக்காலி ஆடாது. ஸ்லொட் காருக்கும் மூன்று கால்களே: இரண்டு பின் சக்கரங்களும் கைட்டும். முன் சக்கரங்கள் பெரும்பாலும் தோற்றத்துக்கு மட்டுமே. அவை பாரத்தைத் தாங்கத் தொடங்கினால் கைட் பள்ளத்தை விட்டு மேலெழும், அதன் அடியில் மின்சாரம் எடுக்கும் செப்புப் பின்னல் பாதையைத் தொடாது, கார் வளைவில் வெளியே போகும். காரைத் தட்டையான பாதைத் துண்டொன்றில் நிறுத்தி, முன் சக்கரத்தின் கீழ் ஒரு துண்டுத் தாளை நுழைத்து இழுங்கள். லேசான உரசலோடு தாள் வெளியே வந்தால் சரி. வராமல் கிழிந்தால் முன் அச்சைச் சற்று உயர்த்துங்கள். கைட்டின் அலகு பள்ளத்துக்குள் இறங்கி, பின்னல் பாதையில் படிந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

விசையைச் சற்றே தொட்டாலும் கார் பாய்கிறது. நடுவேகம் என்பதே இல்லை. (மருதானை)

கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் தடை உங்கள் மோட்டாருக்குக் குறைவு. பழைய வகைக் கருவியில் ஒரு தடைச் சுருள் இருக்கிறது. மோட்டாரோடு தொடராக நின்று வோல்ற்றில் ஒரு பகுதியை அது விழுங்குகிறது. எவ்வளவு விழுங்கும் என்பது ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. 050 போன்ற சிறிய மோட்டார் கொஞ்சம் மின்னோட்டமே இழுப்பதால், 25 ஓம் சுருள் அதற்கு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். 45 அல்லது 60 ஓமுக்கு மாறிப் பாருங்கள்.

பொலிகார்பனேற்றுத் தகட்டைச் சூடாக்கி, காரின் உடல் வடிவில் செய்த வார்ப்பு அச்சின்மேல் இழுத்தால் உடல் முழுக்கக் குமிழி. வர்ணமும் உரிகிறது. (தெமட்டகொடை)

குமிழி, தகட்டுக்குள் இருந்த தண்ணீர். பொலிகார்பனேற்று காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். கொழும்புக் காற்றில் அதற்குக் குறைவில்லை. இழுப்பதற்கு முன் 120 பாகை அளவில் பல மணிநேரம் உலர்த்த வேண்டும். சமையலறை வெதுப்பியை இதற்குக் கேட்டால் வீட்டில் என்ன பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மெல்லிய பொலிஸ்டைரீன் தகட்டுக்கு மாறுங்கள் என்பேன். அது குறைந்த சூட்டிலேயே இளகும், இந்தத் தொல்லையும் தராது.

பொலிகார்பனேற்றை விட மனமில்லை என்றால் வர்ணத்தை உட்புறத்தில், அந்தப் பிளாஸ்ரிக்குக்கென்றே விற்கும் வகையில் அடியுங்கள். உள்ளிருந்து அடிப்பதால் வரிசை தலைகீழாகும்: எண்ணும் கோடுகளும் முதலில், உடலின் நிறம் பிறகு. ஆனால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு 1950களின் காருக்கு ஒவ்வாது என்பது என் கருத்து. வான்வாலின் பச்சையும் மசெராட்டியின் சிவப்பும் வெளிப்புறத்தில் அடித்தால்தான் காருக்கு வயது தெரியும். மழை நாளில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஈரம் வர்ணத்துக்குள் சிக்கி வெண்மூட்டமாகப் பூத்துவிடும்.

பச்சை நிற லோட்டஸ் 49க்குப் பின் சிறகு வைக்கலாமா? (கல்கிசை)

1967ஆம் ஆண்டுக் கார் என்றால் வேண்டாம். அந்த ஜூனில் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் தனது முதல் பந்தயத்திலேயே கிளார்க்குக்கு வெற்றி தந்த கார் சிறகில்லாதது. கிராண்ட் பிரி கார்களில் பின் சிறகுகள் 1968இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில்தான் தோன்றின. அதே ஆண்டில் லோட்டஸ் அணியும் பச்சையை விட்டுச் சிகரெட் விளம்பரத்தின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களுக்கு மாறியது. சிறகு வேண்டுமென்றால் அந்த நிறங்களில் கட்டுங்கள்.

அடியில் காந்தம் வைத்தால் வளைவில் நிற்காதா? (கொள்ளுப்பிட்டி)

உங்கள் பாதை செப்பு ரேப் ஒட்டிய மரப் பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பைக் காந்தம் இழுக்காது.

எட்டு வயது மகளும் கூடச் செய்ய விரும்புகிறாள். எந்த வேலையைக் கொடுக்கலாம்? (வத்தளை)

ஈயத்தையும் அமிலத்தையும் பிளேடையும் கொடுக்க வேண்டாம். பற்றவைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், அவர் அறையில் இல்லாதிருக்கட்டும், வேலை முடிந்ததும் நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ரயர் தேய்ப்பதை உங்கள் கண்முன் செய்ய விடலாம். எங்கே மங்கியது, எங்கே மங்கவில்லை என்று பார்ப்பதில் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையானவர்கள். கைட்டின் செப்புப் பின்னலை நுனி விரித்துச் சீவிவிடுவதும் அவருக்கு ஏற்ற வேலை. ஓட்டுநருக்குத் தலைக்கவசம் பூசி, கண்ணாடியின் பட்டியைக் கோடாக வரைவதை முழுதாக அவரிடமே விட்டுவிடுங்கள். 1:32 அளவில் அந்தத் தலை ஒரு கடலைப் பருப்பைவிடச் சற்றே பெரிது. என் கண்ணுக்கு அது இப்போது எட்டுவதில்லை.