ஆய்வில் சேர்வதற்கு முன்

அன்புள்ள ஐயா,

முதுகலை முடித்து ஆறு ஆண்டுகளாக வேலையில் இருக்கிறேன். வயது 29. எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர், தம்மிடம் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து சேரும்படி அழைக்கிறார். சிறுவயது முதலே நிறைய வாசிப்பவள் நான்; இப்போதைய வேலையோ சலித்துவிட்டது. வீட்டில் அனைவருக்கும் இதில் மகிழ்ச்சி. உடன் பணிபுரிபவர்கள் மட்டும், ஐந்தாறு ஆண்டுகளைத் தொலைத்துவிட்டு வேலையும் இல்லாமல் நிற்கப்போகிறாய் என்று எச்சரிக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆய்வு செய்து பட்டம் பெற்றவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். சேரலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். வேலையின் சலிப்பு, வீட்டாரின் மகிழ்ச்சி, பேராசிரியரின் அழைப்பு, உடன் பணிபுரிபவர்களின் எச்சரிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. எதை ஆராய விரும்புகிறீர்கள் என்பது மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

வாசிப்பில் உள்ள ஈடுபாடும் ஆய்வில் உள்ள ஈடுபாடும் ஒன்றல்ல. வாசகர் ஒரு நூலை முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடலாம். ஆய்வாளரோ, பிறருக்கு அற்பமாகத் தோன்றக்கூடிய ஒரே கேள்வியோடு ஆண்டுக்கணக்கில் இருந்தாக வேண்டும். என் ஆய்வின் மூன்றாம் ஆண்டில், ஒரு பழைய நூலின் இரண்டு பதிப்புகளைச் சொல் சொல்லாக ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளை அட்டவணையாக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பதிப்பாசிரியர் நாம் அறியாத வேறொரு சுவடியைப் பார்த்திருக்கிறார் என்று நிறுவுவது என் எண்ணம். ஏழு மாத உழைப்புக்குப் பிறகு ஒரு பிற்பகலில், முதல் பதிப்பின் கடைசித் தாளில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த பிழைதிருத்தப் பட்டியல் கண்ணில் பட்டது. நான் கண்டுபிடித்ததாக நம்பிய வேறுபாடுகளில் பெரும்பாலானவை அதிலேயே இருந்தன. புதிய சுவடி எதுவும் இல்லை. இரண்டாமவர் அந்தத் திருத்தங்களை உரிய இடத்தில் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை, அந்தப் பட்டியலிலும் இடம்பெறாத 11 வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன என்று அறியும் ஆவலில், நூலகக் கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். நான் ஆய்வை முடித்தது அந்த ஆவலால்தான், பட்டத்தின் மீதிருந்த ஆசையால் அன்று. அப்படிப்பட்ட ஒரு காலையை உங்களால் கற்பனை செய்துகொள்ள முடிகிறதா என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவது, நெறியாளரைப் பற்றியது. நல்லாசிரியர்கள் எல்லோரும் நல்ல நெறியாளர்களாக அமைவதில்லை. என்னோடு சேர்ந்த ஒருவர், என்னைவிடக் கூர்மையானவர், நான்காம் ஆண்டில் விலகிவிட்டார். அவர் எழுதிக் கொடுத்த ஓர் இயல் 14 மாதங்கள் நெறியாளரின் மேசையில் பிரிக்கப்படாத உறைக்குள்ளேயே கிடந்தது. அவர் விலகியதைத் தோல்வி என்று நான் ஒருபோதும் கருதியதில்லை. வாசிப்பவர் அக்கறையோடு வாசித்தாலும்கூட, மூத்தவரின் ஒரு சொல் ஆய்வேட்டின் போக்கையே மாற்றிவிடலாம். விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்பதை 1925-ஆம் ஆண்டின் தம் ஆய்வேட்டில் கணக்கிட்டுக் காட்டிய செசிலியா பெய்ன், அக்காலத்தின் பெரும் வானியலாளரான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்க மறுத்ததால், தம் முடிவு அநேகமாக உண்மையாக இராது என்று தாமே எழுதிச் சேர்க்க நேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸல் வேறொரு வழியில் அதே முடிவுக்கு வந்து, பெய்னின் பணியையும் குறிப்பிட்டார். ஆகவே உங்கள் பேராசிரியரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடமும், அதைவிட முக்கியமாக, இடையில் விலகியவர்களிடமும் தனியே பேசுங்கள். ஓர் இயலைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது, மாணவர் மறுத்துப் பேசினால் அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார், கடைசியாக முடித்தவர்களுக்கு உண்மையில் எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேளுங்கள். பேச்சை மாற்றுகிறார்கள் என்றால் அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடன் பணிபுரிபவர்களின் எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது. பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பல துறைகளில் நிலையான கல்விப் பணியிடங்கள் குறைவு. உதவித்தொகை உறுதியாகாமல், சேமிப்பை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். முனைவர் பட்டம் பெறாமலேயே 1951-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான ஃபிரீமன் டைசனைச் சுட்டி, பட்டமே வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள்; இன்று பெரும்பாலான துறைகளில் அது இல்லாமல் அப்பணிக்கு விண்ணப்பிக்கக்கூட இயலாது. நீங்கள் விரும்புவது கற்பிக்கும் பணியையா, ஆய்வுக்கூடத்தையா, வேறொன்றையா என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு, அதற்குப் பட்டம் கட்டாயமா என்று பாருங்கள். வேலையின் சலிப்புக்கு மட்டும்தான் தீர்வு தேடுகிறீர்கள் என்றால், வேறு வேலைக்கு மாறுவது இதைவிட எளிது. வயதைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

உங்களிடம் இருக்கும் இரண்டு மாதத்தை வீணாக்க வேண்டாம். வேலையை விடாமல், நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் துறையில் அண்மைக்காலத்தில் வந்த கட்டுரைகளை வாசியுங்கள். அவற்றில் விடை கிடைக்காத, ஆனால் உங்களை விடாத கேள்வி ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதை வைத்து 15 பக்கம் எழுதிப் பேராசிரியரிடம் கொடுங்கள். எழுதும்போது உங்கள் மனம் எப்படி இருந்தது என்பதும், அந்தப் பக்கங்கள் எத்தகைய குறிப்புகளோடு திரும்பி வந்தன என்பதும், நானோ உங்கள் வீட்டாரோ சொல்லக்கூடிய எதையும்விடத் தெளிவாக உங்களுக்கு வழி காட்டும். கேள்வி அகப்படவில்லை என்றால், நன்றி சொல்லி அழைப்பை மறுத்துவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

அந்த ஒரு வாக்கியம் கிடைத்தால் எனக்கும் எழுதி அனுப்புங்கள். அதைப் பற்றி உங்களோடு பேச மிகவும் விரும்புகிறேன்.

அன்புடன்.